கிராக்கோவில் ஒரு நாள் - சிக்கனமாக!

ஐரோப்பாப் பிரயாணம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "எத்தனை லட்சம் ஆகும்?" என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழுகிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பாரிஸ் நகரத்தில் ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் எத்தனையோ பேர்! ஆனால் அதே ஐரோப்பாவில், ராஜாக்கள் கட்டிய கோட்டையையும் கோயிலையும் கால்நடையாகவே சுற்றிப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டு, நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயில் ஒரு நாளை முடித்துக்கொள்ளக்கூடிய ஊர் ஒன்று இருக்கிறது. போலந்து தேசத்தின் பழைய தலைநகரமான கிராக்கோதான் அது.

நாம் கிராக்கோ என்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் 'க்ராகுஃப்' என்கிறார்கள். விஸ்லா என்ற நதியின் கரையில் இருக்கிறது. போலந்து அரசர்கள் பல நூற்றாண்டுகள் இங்கிருந்துதான் ஆட்சி புரிந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் சிக்மண்ட் அரசன் வார்ஸா நகரத்துக்கு ஜாகை மாற்றிக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகும் முடி சூட்டிக்கொள்வதற்கும், கடைசியில் மண்ணுக்குள் போவதற்கும் அரசர்கள் இங்கேயேதான் வந்தார்கள்!

இரண்டாவது உலக யுத்தத்தில் வார்ஸா தரைமட்டமாயிற்று. கிராக்கோவின் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. 1978-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் ஜாபிதாவை வெளியிட்டபோது அதில் மொத்தம் 12 இடங்களே இருந்தன. கிராக்கோவின் பழைய பட்டணம் அவற்றுள் ஒன்று. கட்டடங்கள் தப்பின என்றேனே, மனிதர்கள் தப்பினார்களா? அந்தக் கதை சாயங்காலத்துக்கு. அதைக் கேட்காமல் ஊர் திரும்புவது முறையாகாது.

முதலில் கணக்கு

போலந்து நாணயத்துக்கு 'ஸ்லோட்டி' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் 'பொன்' என்று அர்த்தம். ஒரு ஸ்லோட்டி நம் பணத்தில் சுமார் 20-லிருந்து 25 ரூபாய். ரயில் கட்டணத்தைத் தனியாக வைத்துவிட்டு, அன்றைய செலவுக்கென்று 100 ஸ்லோட்டியை ஓர் உறையில் போட்டுக்கொண்டேன். மளிகைக்கு, பாலுக்கு, வாடகைக்கு என்று உறை உறையாய்ப் பணம் பிரித்து வைக்கும் குடும்பத் தலைவிகளுக்கு இந்த வித்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

வார்ஸாவிலிருந்து துரித ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரப் பிரயாணம். சில நாள் முன்னதாக டிக்கெட் வாங்கினால் மலிவு. விடியற்காலை வண்டியைப் பிடித்தால் ஒன்பது மணிக்கெல்லாம் வந்து இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு வெளியே டாக்சி தேட வேண்டாம். பழைய பட்டணம் பத்து நிமிஷ நடை தூரத்தில் இருக்கிறது.

நடந்தால் முதலில் வருவது ஒரு தோட்டம். 'பிளாண்ட்டி' என்று பெயர். சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய பட்டணத்தை வளையம்போலச் சுற்றி வருகிறது. ஒரு காலத்தில் அங்கே கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, மரங்களை நட்டார்கள். மதிலில் ஒரு சிறு பகுதியும், ஃப்ளோரியன் வாசலும், அதற்கு முன்னால் காவல் நிற்கும் வட்ட வடிவமான செங்கல் கோட்டையும் மட்டும் மிஞ்சின. 1498-ஐ ஒட்டிக் கட்டிய கோட்டை அது. தோட்டத்து பெஞ்சியில் உட்கார்ந்து காலை வெயில் காய்வதற்குக் கட்டணம் கிடையாது.

வளைய ரொட்டி

காலைப் பலகாரத்துக்கு ஹோட்டல் ஏறி இறங்க வேண்டாம். தெருமுனைக்குத் தெருமுனை சிறிய தள்ளுவண்டிகள் நிற்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய வளையல்களை அடுக்கினாற்போல ரொட்டி. 'ஓப்வஜானெக்' என்பது அதன் பெயர். மாவை இரண்டு மூன்று சரடாகத் திரித்து, முறுக்கி வளையமாக்கி, முதலில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, அப்புறம் அடுப்பில் சுடுகிறார்கள். அதனால் மேலே பளபளவென்று மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. உப்பு தூவியது, கசகசா தூவியது, எள் தூவியது என்று வகைகள் உண்டு. 2010 முதல் ஐரோப்பிய யூனியன் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. கிராக்கோ வட்டாரத்தில் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம்.

விலை சுமார் மூன்று ஸ்லோட்டி. எள் வளையம் ஒன்று வாங்கினேன். மத்தியானம் வரையில் பசி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு விஷயம்: காலையில் சுட்டதைக் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். சாயங்காலத்துக்கென்று கைப்பையில் பத்திரப்படுத்தினால் பல்லுக்குத்தான் ஆபத்து!

பாதியில் அறுந்த பாட்டு

ஊரின் நடுவில் பெரிய சதுக்கம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 மீட்டர். 1241-ல் தாத்தாரியர் படையெடுத்து வந்து ஊரைச் சூறையாடினார்கள். அதன் பிறகு, 1257-ல், புதிதாகக் கோடு கிழித்து நகரத்தை அமைத்தபோது போட்ட சதுக்கம் இது. நடுவில் ஜவுளி மண்டபம். பழைய நாளில் துணி வியாபாரம் நடந்த இடத்தில் இப்போது அம்பர் மணி மாலைகளும் சரிகைப் பின்னல்களும் விற்கிறார்கள். பார்ப்பதற்குக் காசில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது நலம்.

சதுக்கத்தின் ஓரத்தில் மேரி மாதா கோயில். அதன் இரண்டு கோபுரங்களும் ஒரே உயரமில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொன்றாகக் கட்டினார்களாம். பொறாமையில் ஒருவன் மற்றவனைக் கத்தியால் குத்திவிட்டானாம். அந்தக் கத்தி என்று சொல்லி ஒரு கத்தியை ஜவுளி மண்டபத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பதினொன்றரை மணிக்கே கோயிலுக்குள் போய் இடம் பிடித்துவிட வேண்டும். சுற்றுலாக்காரர்களுக்குக் கட்டணம் 20 ஸ்லோட்டிக்குள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் 11 மணி 50 நிமிஷத்துக்கு ஒரு கன்னிகா ஸ்திரீ வருகிறார். கையில் நீண்ட கழி. பெரிய பீடத்தின் மரக் கதவுகளை அந்தக் கழியால் மெல்லத் திறக்கிறார். அத்தனை பேர் கூடியிருக்கும் கோயிலில் ஒரு கணம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்பதில்லை. உள்ளே பொன்னும் நீலமுமாக ஒரே ஜோதி!

நியூரம்பர்க் நகரத்திலிருந்து வந்த வைட் ஸ்டாஸ் என்ற சிற்பி, 1477-லிருந்து 1489 வரை பன்னிரண்டு வருஷம் செதுக்கிய மரச் சிற்பம் அது. சுமார் 13 மீட்டர் உயரம், 11 மீட்டர் அகலம். நடுவில் மேரி மாதா உயிர் பிரியும் தறுவாயில் முழந்தாளிட்டுச் சாய்கிறாள். சுற்றிலும் சீடர்கள். அவர்களுடைய கைகளைப் பாருங்கள். வேலை செய்து செய்து நரம்பு புடைத்த கைகள். சிற்பி தம்மைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களைத்தான் பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1939-ல் யுத்த பயத்தால் சிற்பங்களைக் கழற்றிப் படகிலேற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஜெர்மானியர்கள் தேடிப் பிடித்து நியூரம்பர்க்குக் கொண்டு போய்விட்டார்கள். யுத்தம் முடிந்தபின் அங்கே கண்டெடுத்து, 1946-ல் போலந்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

பீடம் திறந்ததும் வெளியே ஓடி வந்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்க வேண்டும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உயரத்து ஜன்னல் திறக்கிறது. எக்காளம் ஒலிக்கிறது. இனிமையான சிறிய பாட்டு. ஆனால் முடியும் முன்பே, கத்திரித்தாற்போல நின்றுவிடுகிறது! தாத்தாரியர் வருவதைப் பார்த்து எச்சரிக்கை ஊதிய காவல்காரனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் விட்ட இடத்தில்தான் இன்றும் நிறுத்துகிறார்கள் என்பது கதை. இந்தக் கதை 20-ஆம் நூற்றாண்டில்தான் பிரபலமாயிற்று. ஆனால் பாட்டு நிஜம். தீயணைப்புப் படை வீரர்கள் இரவும் பகலும் மணிக்கு ஒரு தரம் நான்கு திசையையும் நோக்கி ஊதுகிறார்கள். 1927 முதல் நடுப்பகல் எக்காளத்தைப் போலந்து ரேடியோ ஒலிபரப்பி வருகிறது. ஊதி முடித்ததும் மேலேயிருந்து கையை ஆட்டுவார்கள். கீழேயிருக்கும் குழந்தைகளும் ஆட்டுகிறார்கள். பெரியவர்களும்தான், நானும் ஆட்டினேன்.

ராணியின் நகைகள்

சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சர்வகலாசாலையின் மிகப் பழைய கட்டடம். முற்றத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். பகல் ஒரு மணிக்குச் சுவர்க் கடிகாரத்தின் கதவு திறந்து, இசைக்கேற்ப மரப் பொம்மைகள் ஊர்வலம் வருகின்றன. அதில் ஒரு ராணியும் வருகிறாள். அவள் பெயர் யாத்விகா.

பத்து வயதுப் பெண்ணை 1384-ல் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். 'ராணி' என்றல்ல, 'ராஜா' என்றே முடி சூட்டினார்கள். ஆளும் உரிமை அவளுடையது என்று காட்டுவதற்காக! சின்ன வயதிலேயே ஆஸ்திரிய ராஜகுமாரன் ஒருவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ராஜ்யத்தின் நன்மைக்காக அதை முறித்து, தன்னைவிட மிகவும் மூத்தவனான லிதுவேனியா தேசத்து யோகைலாவுக்கு 1386-ல் மணம் முடித்தார்கள். 1399-ல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சில நாட்களில் குழந்தை இறந்தது. தாயும் இறந்தாள்.

காசிமிர் அரசன் 1364-ல் தொடங்கிய சர்வகலாசாலை, அவன் காலத்துக்குப் பின் சீரழிந்து கிடந்தது. யாத்விகா தன் நகைகளை அதற்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். 1400-ல் கலாசாலைக்குப் புத்துயிர் வந்தது. அவளை அடக்கம் செய்தபோது உடன் வைத்த செங்கோலும் கோளமும் பொன் முலாம் பூசிய மரத்தாலானவை என்று பிற்காலத்தில் கல்லறையைத் திறந்தபோது தெரிந்தது. அவளுடைய நகைகளால் உயிர்த்த அந்தக் கலாசாலையில் 1491 முதல் சில வருஷங்கள் படித்த ஒரு பையன்தான், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று உலகத்துக்குச் சொன்ன கோபர்னிகஸ்.

இதெல்லாம் சரி, பெண்கள் படித்தார்களா? 15-ஆம் நூற்றாண்டில் நவோய்கா என்ற பெண் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு வந்து படித்தாள் என்றும், அகப்பட்டுக்கொண்டாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நிஜமாகப் பெண்களுக்குக் கதவு திறந்தது 1894-ல். அப்போதும் மூன்றே பேர். அதுவும் பாடம் கேட்க மட்டும்! ஒரு பெண்ணின் நகையை வாங்கிக்கொண்ட கலாசாலை, பெண்ணை உள்ளே விட ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் யோசித்திருக்கிறது.

பால் கடைச் சாப்பாடு

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சதுக்கத்து ஹோட்டல்களின் குடை நிழல் வேண்டாம். பக்கத்துத் தெருக்களில் 'பார் ம்லெச்னி' என்ற பலகையைத் தேடுங்கள். 'பால் கடை' என்று அர்த்தம். பாலும் தயிர்க்கட்டியும் மாவும் முட்டையும் வைத்து மலிவுச் சாப்பாடு போடுவதற்காக ஏற்பட்டவை. கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில் தேசமெங்கும் பெருகின. இப்போதும் பல கடைகளுக்குச் சர்க்கார் மானியம் கிடைக்கிறது. பென்ஷன் வாங்கும் பாட்டிகளும், காலேஜ் மாணவர்களும், என்னைப்போல உறையில் பணம் கொண்டு வந்தவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறோம். பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி, ஜன்னலில் நீட்டி, தட்டை நாமே எடுத்து வந்து, சாப்பிட்டதும் நாமே திருப்பி வைக்க வேண்டும்.

சைவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் பூரணம் வைத்து வேகவைத்த 'பியரோகி' கிடைக்கிறது. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். ஆனால் ஜாக்கிரதை! மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவிவிடுவார்கள். முன்கூட்டியே 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொன்னால் தூவ மாட்டார்கள். சூப்பு வகைகளில் மாமிசச் சாறு இருக்கக்கூடும், கேட்டுக்கொள்வது நல்லது. பழங்களை வேகவைத்து ஆறவைத்த 'கொம்போட்' என்ற பானமும் சேர்ந்து எனக்கு ஆன செலவு 25 ஸ்லோட்டி.

மலையில் மணி, அடியில் நாகம்

சாப்பிட்ட சோர்வு தீர வாவெல் குன்றுக்கு நடந்தேன். மேலே அரண்மனை, பக்கத்தில் ராஜாக்கள் முடி சூடிய பெருங்கோயில். குன்றின் மேல் உலாவுவதற்குக் கட்டணமில்லை. மணிக் கோபுரத்துக்கும் அரச சமாதிகளுக்கும் மட்டும் சீட்டு வாங்கினேன். 25 ஸ்லோட்டி ஆயிற்று.

1520-ல் வார்த்த சிக்மண்ட் மணி ஏறக்குறைய 13 டன் எடை. அடிக்க வேண்டுமானால் பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். பெரிய பண்டிகைகளிலும், தேசத்துக்கு நல்லதோ கெட்டதோ நேர்ந்த நாட்களிலும்தான் ஒலிக்கிறது. மணியின் நாக்கை இடது கையால் தொட்டுக்கொண்டால் பெண்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. நான் போனபோது தொட்டவர்களில் பாதிப் பேர் கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு வந்தவர்கள். எந்த வேண்டுதலோ!

குன்றின் அடியில் ஒரு குகை. அங்கே நெருப்புக் கக்கும் நாகம் ஒன்று இருந்ததாம். வீரர்களால் முடியாததை ஒரு செருப்புத் தைக்கும் பையன் முடித்தான். ஆட்டுத் தோலுக்குள் கந்தகத்தை அடைத்து வைத்தான். தின்ற நாகம் தாகம் தாளாமல் ஆற்று நீரைக் குடித்துக் குடித்தே வெடித்துப் போயிற்று. ஆற்றங்கரையில் அதன் உலோகச் சிலை நிற்கிறது; சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நிஜமாகவே நெருப்பைக் கக்குகிறது. குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது பெற்றோர்களுக்குப் பெரும்பாடு.

காலி நாற்காலிகள்

இனி, காலையில் சொன்ன அந்தச் சாயங்காலக் கதை.

வாவெலுக்குத் தென்கிழக்கே கசிமியெஷ். 1335-ல் தனி ஊராக ஏற்பட்டது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து யூதர்கள் வாழ்ந்த பேட்டை. யுத்தத்துக்கு முன் கிராக்கோவில் யூதர்கள் அறுபதாயிரத்துக்கு மேல். ஊரில் நாலில் ஒரு பங்கு. இன்று அங்கே காப்பிக் கடைகளும் சங்கீதமும் நிறைந்திருக்கின்றன. ஆனால் ரெமு ஜெப ஆலயத்தின் மயானத்தில் ஒரு சுவரைப் பார்த்தேன். ஜெர்மானியர்கள் உடைத்துப் போட்ட கல்லறைக் கற்களின் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கட்டிய சுவர். ஒரு கல்லில் பாதிப் பெயர். இன்னொன்றில் ஒரு கை மட்டும்.

பாலத்தைத் தாண்டினால் போட்கூஜெ. 1941 மார்ச்சில் முள்வேலியும் மதிலும் எழுப்பி, முன்பு 3,000 பேர் இருந்த இடத்தில் 15,000-க்கு மேற்பட்ட யூதர்களை அடைத்தார்கள். அங்கிருந்த சதுக்கத்துக்கு அப்போது 'இணக்கச் சதுக்கம்' என்று பெயர்! அங்கேதான் ஜனங்களை வரிசையில் நிறுத்தி, மரண முகாம்களுக்கு ரயிலேற்ற அனுப்பினார்கள். 1943 மார்ச்சில் பேட்டையையே காலி செய்தார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு வந்த மேஜையும் நாற்காலியும் சதுக்கத்தில் அநாதையாகக் கிடந்தன. அதன் ஞாபகார்த்தமாக 2005-ல் அந்த இடமெங்கும் உலோக நாற்காலிகளை நிறுத்தி வைத்தார்கள். எல்லாம் காலி நாற்காலிகள். கல்வெட்டு எதையும் படிக்காமலே மனசுக்குப் புரிந்துவிடுகிறது.

சதுக்கத்தின் மூலையில் 'கழுகு மருந்துக் கடை'. யூதரல்லாத ததேயுஷ் பங்கியேவிச், மதில் எழும்பிய பிறகும் கடையை மூடிக்கொண்டு போக மறுத்து உள்ளேயே தங்கினார். அவரிடம் வேலை பார்த்த இரேனா, ஆரேலியா, ஹெலேனா என்ற மூன்று பெண்கள் அநுமதிச் சீட்டுடன் தினந்தோறும் வெளியிலிருந்து வந்தார்கள். வரும்போது செய்தியும் கடிதமும் உணவும் கொண்டு வந்தார்கள். வயதானவர்கள் இளமையாகத் தெரிந்தால் பிழைக்கலாம் என்பதால் தலைமயிர்ச் சாயம் கொடுத்தார்கள். ஒளிந்திருக்கும் நேரத்தில் குழந்தை அழுதால் எல்லாரும் அகப்படுவார்கள் என்பதால் தூக்க மருந்து கொடுத்தார்கள். சாயமும் தூக்க மருந்தும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாமான்கள்தான். அவற்றைக் கொடுத்ததற்கு அன்று தண்டனை உயிராக இருந்திருக்கும். கடை இப்போது மியூசியம். கட்டணம் 20 ஸ்லோட்டியை ஒட்டி வருகிறது. அன்று நான் செலவழித்ததில் இதைப்போல மதிப்புள்ள செலவு வேறில்லை. இழுப்பறைகளைத் திறந்து திறந்து படிக்கலாம். அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாகச் சில வார்த்தைகள்

அங்கிருந்து ஸ்டேஷனுக்கு டிராம் இருக்கிறது. சீட்டு வாங்கினால் போதாது. ஏறியதும் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், அன்றைய சிக்கனமெல்லாம் பாழ்! ரொட்டிக்கு 3, மேரி கோயிலுக்கு 20, சாப்பாட்டுக்கு 25, வாவெலுக்கு 25, மருந்துக் கடைக்கு 20, டிராமுக்கு 6. எல்லாம் சேர்ந்தும் நூறைத் தாண்டவில்லை. கட்டணங்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறுவதால் பத்துப் பதினைந்து கூடுதலாக வைத்துக்கொள்வது உசிதம்.

தெருவெல்லாம் கல் பாவியது. குதிகால் செருப்பு உதவாது. பல மியூசியங்களில் வாரத்தில் ஒரு நாள் அநுமதி இலவசம். எந்த நாள் என்று முன்னதாக விசாரித்துக்கொண்டு போகலாம். லியொனார்டோ டாவின்சி வரைந்த 'கீரியேந்திய பெண்' சித்திரம் சார்த்தோரிஸ்கி மியூசியத்தில் இருக்கிறது. அந்த மியூசியத்துக்கு 1801-ல் வித்திட்டவரும் இஸபெல்லா என்ற ஒரு பெண்மணிதான். சித்திரத்தையும் பக்கத்து ஊரின் உப்புச் சுரங்கத்தையும் பார்க்க விரும்பினால் இன்னொரு நாள் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் கடைசியில் தங்கள் கடிகாரத்தை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார்கள். முன்னே பின்னே எதை விட்டாலும் விடுங்கள். சதுக்கத்து நாற்காலிகளையும் அந்த மருந்துக் கடையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.